கண் கண்ட சாட்சி கடைசிச் சாட்சியா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவர்

ஆயிரம் பேர் கூடிய இடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரம் சாட்சிகள் இருக்கலாம். ஆயிரம் உண்மைகள் இருக்க முடியாது. இந்தச் சிறு வேறுபாட்டை மறந்ததால் உலகில் எழுந்த குழப்பங்கள் பல. அவற்றுள் தலையாயது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியின் கொலை வழக்கு.

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, பகல் 12.30 மணி. டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில், டீலி பிளாசா என்னும் சதுக்கத்தின் வழியே திறந்த காரில் சென்றுகொண்டிருந்த கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் சென்ற ஆளுநர் கானலி படுகாயமுற்றார். அன்றே கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டை இரண்டு நாள் கழித்துக் காவல் தலைமையகத்திலேயே ஜாக் ரூபி என்பவர் சுட்டுக் கொன்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் போய்விட்டதால், அவர்மீது வழக்கு நடக்கவே இல்லை. கண்ணால் கண்டதாகச் சொன்னவர்களை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர்கூடக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. தலைமை நீதிபதி வாரன் தலைமையிலான ஆணையம் 552 பேரின் சாட்சியத்தைப் பெற்று, ஆஸ்வால்டு ஒருவரே சுட்டார் என்று 1964-இல் அறிக்கை தந்தது. அதன் பிறகும் புதுப்புதுச் சாட்சிகள் முளைத்துக்கொண்டே இருந்தார்கள்.

கொன்றவர் யார் என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஒரு சாட்சியின் சொல்லை எப்படி எடைபோடுவது என்பதே என் கேள்வி.

காது கேட்டது

1970-களின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இவ்வழக்கை மீண்டும் ஆராய்ந்தது. அது தொகுத்த 178 சாட்சிகளில், குண்டு புத்தகக் கிடங்குக் கட்டடத்திலிருந்து வந்தது என்றவர் 49 பேர். எதிர்ப்புறத்துப் புல்மேட்டிலிருந்து வந்தது என்றவர் 21 பேர். வேறிடம் சொன்னவர் 30 பேர். சொல்லத் தெரியவில்லை என்றவர் 78 பேர்! ஒரே சதுக்கத்தில், ஒரே நேரத்தில் நின்றவர்களின் சாட்சியம் இது.

இவர்களெல்லாம் பொய்யர்களா? அல்லர். ஒலியியல் படித்த நமக்கு இதில் வியப்பில்லை. அந்தத் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு இரண்டாயிரம் அடிக்குமேல் பாயக் கூடியது. ஒலியோ ஏறத்தாழ 1,100 அடியே செல்லும். ஒலியை முந்திச் செல்லும் குண்டு, தன் பாதை நெடுகிலும் ஓர் அதிர்வலையை எழுப்புகிறது. அதன் வெடிப்பொலி முதலில் காதுக்கு வருகிறது. துப்பாக்கி வாயிலிருந்து கிளம்பிய ஓசை பின்னால் வருகிறது. முதலில் கேட்ட ஒலி, சுட்டவன் இருந்த திசையைக் காட்டுவதில்லை. போதாக்குறைக்குச் சுற்றிலும் உள்ள கட்டடங்களின் எதிரொலி வேறு.

எத்தனை குண்டு என்ற கேள்விக்கு 132 பேர் மூன்று என்றனர். பெரும்பான்மை சொன்னதால் அது முடிந்த முடிவா? ஒரு செய்தி நிறுவனம் நிகழ்ச்சி நடந்த சில நிமிடங்களுக்குள்ளேயே "மூன்று குண்டுகள்" என்று உலகுக்கு அறிவித்துவிட்டது. மூன்று என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த 132 பேரில் எத்தனை பேர் தம் காதால் எண்ணினார்கள், எத்தனை பேர் வானொலியில் கேட்டதைத் தாம் எண்ணியதாகக் கொண்டார்கள் என்று யாரால் பிரிக்க முடியும்?

கண் கண்டது

ஹோவர்டு பிரென்னன் ஒரு குழாய் பொருத்தும் தொழிலாளி. புத்தகக் கிடங்கின் எதிரே, ஆறாவது மாடிச் சன்னலுக்குச் சுமார் 120 அடி தொலைவில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து ஒருவன் சுட்டதைப் பார்த்ததாக உடனே காவலரிடம் கூறினார். அந்த மாடியிலேயே துப்பாக்கியும் மூன்று தோட்டா உறைகளும் கிடைத்தன. இவ்வளவும் வலுவான சாட்சியம்.

ஆனால் அன்று மாலை ஆஸ்வால்டை வரிசையில் நிறுத்திக் காட்டியபோது, 'இவர்தான்' என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை. பின்னாளில், குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்று அஞ்சியே சொல்லாதிருந்ததாகக் கூறினார். சுட்டவன் நின்றுகொண்டு சுட்டான் என்றார். அந்தச் சன்னலோ கீழ்ப்பாதி மட்டுமே திறந்திருந்தது. மண்டியிட்டோ உட்கார்ந்தோதான் சுட்டிருக்க வேண்டும் என்று அவரைச் சாட்சியாக ஏற்ற ஆணையமே கூறியது.

ஆக, பிரென்னன் நல்ல சாட்சியா, கெட்ட சாட்சியா? கேள்வியே தவறு. இடத்தைச் சொன்னதில் நல்ல சாட்சி. முகத்தைச் சொன்னதில் ஐயத்துக்குரிய சாட்சி. ஒரு மனிதரை முழுவதும் ஏற்பதோ முழுவதும் தள்ளுவதோ ஆராய்ச்சி ஆகாது. கூற்றைக் கூற்றாகப் பிரித்து நிறுக்க வேண்டும்.

ஆண்டுகள் கழித்து வந்தவை

ஜீன் ஹில் என்ற பள்ளி ஆசிரியை காருக்கு மிக அருகில் நின்றவர். அன்று பிற்பகல் தொலைக்காட்சியில் பேசியபோது, சுட்டவர் எவரையும் தாம் பார்க்கவில்லை என்றார். கென்னடி தம்பதியருக்கு இடையே சிறு நாய் ஒன்று இருந்தது என்றும் சொன்னார். காரில் நாய் இல்லை, மலர்க்கொத்துத்தான் இருந்தது. 1992-இல் வெளிவந்த அவரது நூலிலோ, புல்மேட்டில் சுட்டவனையே பார்த்ததாக வருகிறது. ஆண்டு ஏற ஏறக் கண் பார்வை மங்கும் என்பார்கள், இங்கே கூர்மையாகிறது!

இன்னொரு பெண்மணி 1970-இல் முன்வந்து, கொலையைத் தாம் படம் பிடித்ததாகவும் அந்தச் சுருளை அதிகாரிகள் வாங்கிச் சென்றதாகவும் கூறினார். எந்தக் கேமரா என்றதற்கு, சூப்பர்-8 வகை என்றார். அந்த வகைப் படச்சுருள் சந்தைக்கு வந்ததே 1965-இல்தான்.

நினைவு இப்படி மாறுமா என்று கேட்பவர்களுக்கு 1974-இல் லாஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனை விடை தரும். கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார்கள். 50 பேரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், வேறு 50 பேரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் 'ஆம்' என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! ஒரு சொல்லுக்கு இத்தனை ஆற்றல் என்றால், இருபது முப்பது ஆண்டுகளாகக் கேட்ட சொற்களும் படித்த புத்தகங்களும் என்னதான் செய்யா?

தராசு ஒன்றே

அரசை நம்புகிறவர் புல்மேட்டுச் சாட்சிகளைக் கேலி செய்வார். ஐயப்படுகிறவர் பிரென்னனைக் கேலி செய்வார். இருவரும் தமக்குப் பிடிக்காத சாட்சியை மட்டுமே உரசிப் பார்க்கிறார்கள். பிடித்த சாட்சியையும் அதே கல்லில் உரசுவதே நேர்மை.

இயந்திரச் சாட்சிக்கும் இது பொருந்தும். காவல்துறை வானொலிப் பதிவு ஒன்றில் நான்காவது வேட்டொலி இருப்பதாக நம்பி, சதி நடந்திருக்கக்கூடும் என்று 1979-இல் மேற்சொன்ன நாடாளுமன்றக் குழு முடிவு செய்தது. டிரம்ஸ் வாசிக்கும் இளைஞர் ஒருவர், பத்திரிகையோடு இலவசமாக வந்த இசைத்தட்டில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவ்வொலியோடு கலந்திருந்த ஒரு பேச்சுக்குரலைக் கண்டுபிடித்தார். அந்த ஓசைகள் கொலைக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பின்னால் பதிவானவை என்று 1982-இல் தேசிய அறிவியல் கழகக் குழு அறிவித்தது. பட்டமோ பதவியோ அன்று, பொறுமையே அங்கே உண்மைக்கு வழிகாட்டியது.

இது ஏதோ தொலைதூரத்துப் பழங்கதை அன்று. அமெரிக்காவில் 1989 முதல் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில், ஆளை மாற்றி அடையாளம் காட்டிய சாட்சி இருந்திருக்கிறார். பொய் சொல்ல வேண்டும் என்று வந்தவர்கள் அல்லர் அவர்களில் பலர். உறுதியோடு சொன்னார்கள்; ஒரு மனிதனின் இளமை சிறையில் கழிந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "என் கண்ணால பார்த்தேன்" என்று பெரிய மனிதர் ஒருவர் சொல்லிவிட்டால், எதிரே நிற்கும் ஏழைக்கு மறுபேச்சு இல்லாத ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நம்மில் பலர். சாட்சியைக் கேள்வி கேட்கும் துணிவு நமக்குப் பொழுதுபோக்கு அன்று, தற்காப்பு.

ஆகவே நண்பர்களே, யார் எதைக் கண்டதாகச் சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை முதலில் எப்போது சொன்னார்? அதற்கு முன் எதைக் கேட்டார், எதைப் படித்தார்? மாறாத பொருள் எது இதற்குத் துணை நிற்கிறது? கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியில் நம் முன்னோர் அழுத்தம் கொடுத்தது பொய் என்ற சொல்லுக்கு அன்று. 'தீர' என்ற சொல்லுக்கு. ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை மூன்று முறை எடுத்த பிறகே குறித்துக்கொள்ளும் நாம், மனிதர்களின் மானமும் உயிரும் தொங்கும் இடத்தில் ஒரே அளவோடு நிறைவடையலாமா?