பூட்டு திறக்கும் கருவி வாங்கினால் போலீஸ் பிடிக்குமா? சட்டம் என்ன சொல்கிறது?

சனிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் சாவி ஆபீஸ் டேபிளிலேயே கிடப்பது ஞாபகம் வரும். இப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டவர் மறுநாள் ஆன்லைனில் தேடினால், 'லாக் பிக்கிங் செட்' கண்ணில் படும். நுனி வளைந்த சில கம்பிகள், பழகிப் பார்க்க உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பூட்டு. ஆர்டர் போடலாமா, இல்லை வம்பாகிவிடுமா?

வாங்குவதே குற்றமா?

இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், இந்தக் கருவியை வாங்குவதை மட்டும் குற்றமாக்கும் பிரிவு கிடையாது. சொந்த வீட்டுப் பூட்டைத் திறக்கலாம், பொழுதுபோக்காகவும் பழகலாம்.

எப்போது குற்றம்?

அடுத்தவர் வீட்டில் அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறந்தால் அது 'வீட்டை உடைத்து நுழைதல்'. கதவில் ஒரு கீறல்கூட விழ வேண்டியதில்லை. கதவு ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது, தொலைந்துபோன சாவியை எடுத்துவந்து திறப்பது இரண்டையுமே 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் உதாரணமாகச் சொல்லியிருக்கிறது. இப்போதைய சட்டத்தின் 331-வது பிரிவில், திருடும் நோக்கத்தோடு பகலில் இப்படி நுழைந்தால் 10 ஆண்டு வரை சிறை. ராத்திரி என்றால் 14 ஆண்டு வரை.

கையில் வைத்திருந்தால்?

வீடு உடைக்கும் கருவியைத் தக்க காரணமின்றி வைத்திருந்தால், வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் முன்பு சொன்னது. காரணத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வைத்திருப்பவர் மீதுதான். 2010 நவம்பரில் அமலான திருத்தத்தில் அது போய்விட்டது. ஆனால், சில மாநில போலீஸ் சட்டங்களில் இன்னும் இருக்கிறது. மகாராஷ்டிராவில், தக்க காரணமில்லாமல் ராத்திரியில் இதோடு சிக்கினால் ஓராண்டு வரை சிறை. ஜப்பான் 2003-லேயே, தொழில் போன்ற நியாயமான காரணம் இல்லாதவர்கள் இவற்றை வைத்திருக்கத் தடை போட்டுவிட்டது.

யாருக்குச் சிக்கல்?

செட் வாங்கும் ஐ.டி. ஊழியரிடம் பில் இருக்கும், ஆபீஸ் ஐ.டி. கார்டும் இருக்கும். விழுப்புரத்தில் சாலையோரம் சாவிக் கொத்துகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் என்ன இருக்கிறது? ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன் வந்து, கருவிப் பையோடு டூவீலரில் போகும்போது போலீஸ் நிறுத்தினால், "சாவி போடுறவன் சார்" என்ற வாய்ச்சொல் மட்டும்தான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பூட்டைத் திறந்துகொடுக்கும் தொழிலாளிக்கு ஒரு அட்டைகூட இல்லை.

என்ன செய்யலாம்?

தடை போடுவதில் பெரிய பயன் இருக்காது. செய்திகளில் அடிக்கடி படிப்பது 'பூட்டை உடைத்து' என்பதைத்தான். கடப்பாரைக்குத் தடை போட முடியுமா? அதைவிட எளிய வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவர்களுக்கு மட்டுமல்ல, தெருவில் சேவை செய்பவர்களுக்கும் பொருந்தும். அதன்படி விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகள் சாவித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து, சான்றிதழும் அடையாள அட்டையும் கொடுக்கலாம்.

கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. 'இது உங்க வீடுதானா? ஆதாரைக் காட்டுங்க' என்று சாவிக்காரர் கேட்டால் கோபப்படக் கூடாது. அப்படிக் கேட்காமல் திறப்பவர், நாளைக்கு வேறு யாரோ கூப்பிட்டாலும் அதே வீட்டைத் திறந்துவிடுவார்.