செயற்கை உமிழ்நீர் போதுமா?

மூன்று இணைப் பெரிய சுரப்பிகள் நாள்தோறும் அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றோர் பலருக்கு அச்சுரப்பிகள் பழுதுபடுகின்றன. ஒரு பிடி சோற்றை விழுங்குவதும் கடினமாகிறது. கார்பாக்சி மெதில் செல்லுலோஸ் கலந்த செயற்கை உமிழ்நீர் இவர்களுக்கு வழுவழுப்பைத் தருகிறது. ஆனால் அந்த இதம் சிறிது நேரமே நீடிக்கும்.

அதைத் தெளித்துக்கொண்டால் பற்களும் காப்பாற்றப்பட்டுவிடும் என்று எண்ணுவது தவறு. 1922-இல் ஃபிளெமிங் அறிவித்த லைசோசைம் போன்ற, கிருமிகளை எதிர்க்கும் இயற்கைப் பொருள்கள் இவற்றுள் பெரும்பாலானவற்றில் இல்லை. அமிலம் கலந்த வகைகளோ பல்லையே அரிக்கும். ஆகவே ஃபுளோரைடு பற்பசையால் இருவேளை பல் துலக்குவது இவர்களுக்கு மிகமிக அவசியம்.

மாணவர்களே! வீட்டுப் பெரியவர் வாய் உலர்கிறது என்றால், தண்ணீர் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். அவர் உண்ணும் மருந்தே காரணமாயிருக்கலாம். மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.