புது டயரும் ஊர்ப் பயணமும்

பண்டிகைக்கு ஊர் செல்லுமுன் வண்டியைச் செப்பனிட்டு வைப்பது நம் குடும்பங்களில் நல்லதொரு வழக்கமாக நிலைபெற்றிருக்கிறது. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர் பலர் நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசிப் பக்கங்களைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள். ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைக்காத நாட்களில், மனைவியைப் பின்னே அமர்த்தி, பையைப் பக்கத்தில் கட்டி, மோட்டார் சைக்கிளிலேயே புறப்பட்டுவிடும் இளைஞர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களில் சிலர், புறப்படுவதற்கு முதல்நாள் மாலை டயர் கடைக்குச் சென்று, தேய்ந்த டயரை மாற்றிப் புதியதைப் பூட்டிக்கொண்டு, இனி அச்சமில்லை என்று மன நிம்மதியுடன் வீடு திரும்புகிறார்கள்.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் இம்மாதம் எழுத விரும்புகிறோம். பட்டன் தேய்ந்து மழுங்கிய டயரை மாற்றியே ஆக வேண்டும். அதில் ஐயமில்லை. ஆயினும் மாற்றிய மறுநாளே நெடும் பயணம் மேற்கொள்வது அறிவுடைமை ஆகாது.

கரமனைப் பக்கம் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் சென்ற தீபாவளிக்கு முதல்நாள் இரு சக்கரங்களுக்கும் புது டயர் பூட்டினார். மறுநாள் விடியற்காலையில் தூறலோடு புறப்பட்டவர், நகர எல்லையைத் தாண்டுமுன்னே ஒரு வளைவில் வெள்ளைக் கோட்டின் மீது சறுக்கி விழுந்தார். வேகம் குறைவாக இருந்ததால் இருவரும் சிராய்ப்புகளோடு தப்பினர். பின்னர் நம்மிடம் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "புது டயர்தானே மாமா, அது எப்படி வழுக்கும்?" நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்போம்.

நம் கண்ணெதிரே நெடுமங்காட்டுப் பக்கமும் குலசேகரத்துப் பக்கமும் வளர்ந்து நிற்கும் ரப்பர் மரத்தின் பாலே டயரின் மூலப்பொருள்களுள் ஒன்று. அப்பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். இன்றும் டயர் பிறப்பது அந்தச் சூட்டில்தான். வழவழப்பான இரும்பு அச்சுக்குள் அழுத்தி வேகவைத்து எடுக்கிறார்கள்.

அச்சின் வழவழப்பு டயரின் தோலிலும் படிந்துவிடுகிறது. புது டயரைக் கையால் தடவிப் பார்த்தால் அது தெரியும். ரப்பர் சாலையைப் பற்றுவது, சாலையிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் தானும் புகுந்து பிடித்துக்கொள்வதனாலேயே. பளபளக்கும் தோல் சற்றே உரசிச் சொரசொரப்பான பின்புதான் அந்தப் பிடி முழுமை பெறும். அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் பிரிவதற்காகப் பூசும் பொருளின் மிச்சமும், ரப்பர் வெடிக்காதிருக்கச் சேர்க்கும் மெழுகு வெளியே கசிந்து படிவதும் சில டயர்களில் இவ்வழுக்கலைக் கூட்டுகின்றன. அச்சுப் பூச்சு இன்று பல ஆலைகளில் குறைந்துவிட்டது உண்மையே. ஆனால் வழவழப்பான தோல் இருக்கும்வரை எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் டயரில் இல்லை. நம் கையில் இருக்கிறது. நேர்ச்சாலையில் ஓடித் தேய்ந்த பழைய டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிடும். அத்தகைய வண்டியை வளைவில் சாய்க்கச் சற்று வலிந்து தள்ள வேண்டும். நம் கையும் அதற்குப் பழகியிருக்கும். புது டயரோ நல்ல வட்ட வடிவம் உடையது. பழைய கையால் தள்ளினால் வண்டி எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சாயும். ஆக, டயர் சாலைக்குப் பழக வேண்டும்; ஓட்டுபவர் டயருக்குப் பழக வேண்டும்.

ரயில்வேயில் பணி செய்வோர்க்கு இது புதிய செய்தியன்று. தண்டவாளத்தைப் புதுப்பித்த பகுதியில் முதல் நாளே வண்டியை முழு வேகத்தில் விடமாட்டார்கள். என்ஜின் டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுப்பார்கள். பாதை இறுக இறுக, வேகத்தைப் படிப்படியாக உயர்த்துவார்கள். பாதை புதிதாயிற்றே, விரைந்து போனால் என்ன என்று எவரும் கேட்பதில்லை. நம் வண்டிக்கு அவ்வாறு ஆணை எழுதித் தருவார் இல்லை. நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த ஆணை எவ்வளவு தூரத்துக்கு? பொதுவாகச் சொல்லப்படும் அளவு 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இங்கிருந்து திருநெல்வேலிக்குள்ள தூரமும் அதற்கு அண்மையில்தான் வரும். அதாவது முதல்நாள் டயர் மாற்றி மறுநாள் புறப்படுபவர், டயர் பழக வேண்டிய தூரம் முழுவதையும் பாரம் ஏற்றிய வண்டியில், கனரக லாரிகளுக்கு நடுவே, ஆரல்வாய்மொழிக் கணவாயின் பக்கக் காற்றையும் தாங்கிக்கொண்டு கடக்கிறார். டயரைப் பழக்க இதனினும் தகாத இடம் வேறில்லை.

கடையிலேயே கவனிக்க வேண்டியவை சில உண்டு. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், அது சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேயே நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். நெடுநாள் கிடங்கில் கிடந்த டயரை வாங்காதிருக்க இது உதவும். ட்யூப் உள்ள டயராயின் ட்யூபையும், ட்யூப் இல்லாததாயின் வால்வையும் புதிதாக மாற்றுதல் நலம்.

பூட்டுவதற்குத் தடவிய சோப்பு நீரைத் துடைத்துவிடச் சொல்க. ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் டயர் செவ்வையாக அமர்ந்திருக்கிறது. டயரைப் பளபளக்கச் செய்யும் பாலிஷைச் சாலையில் படும் பகுதியில் பூச ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது பிரேக்கும் நெகிழ்ந்திருக்கக்கூடும். ஆதலால் கடை வாசலிலேயே பிரேக்கைப் பலமுறை அழுத்தி, பிடிக்கிறதா என்று பார்த்த பின்பே புறப்பட வேண்டும். காற்று எத்தனை பவுண்டு என்பது வண்டியுடன் தந்த கையேட்டில் இருக்கும். மறுநாள் காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் நன்று.

இனி ஓட்டும் முறை. முதல் சில நாட்கள் தனியாக ஓட்டுக. பின்னே எவரையும் ஏற்ற வேண்டாம். திடீரென முடுக்குவதும் திடீரெனப் பிரேக் பிடிப்பதும் ஆகா. முன் வண்டிக்கும் நமக்கும் வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும். முன் டயர் புதிதாயின் இன்னும் கவனம் தேவை. பின்சக்கரம் சறுக்கினால் சமாளிக்கச் சில வேளை இயலும், முன்சக்கரம் சறுக்கினால் நினைக்கவும் நேரமிராது. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று துணிய வேண்டாம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும். இல்லாத பிடியை உண்டாக்காது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பைபாஸ் சாலையில் 200 கிலோமீட்டர் நேராக ஓட்டினாலும் டயரின் நடுப்பகுதி மட்டுமே பழகும். இரு ஓரங்களும் முதல்நாள் போலவே வழவழப்பாக இருக்கும். அங்கே மயிர் போன்ற சிறு ரப்பர் இழைகள் தேயாமல் நிற்பதைக் கொண்டே இதை அறியலாம். அடுத்த வளைவில் வண்டி சாயும்போது சாலையில் படுவது அந்தப் பழகாத ஓரந்தான். ஆதலால் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகச் சாய்வைக் கூட்டிப் பழக்க வேண்டும். அதற்கு நம் நகரைப் போன்ற பள்ளிக்கூடம் அரிது. கவடியாரும் வெள்ளையம்பலமும் பட்டமும் மேடும் இறக்கமும் வளைவுமாகவே அமைந்தவை. ஈரமில்லாத காலை வேளையில் அவ்வழியே மெல்லச் சென்று வந்தாலே போதும். சாலையில் இப்புறமும் அப்புறமும் வண்டியை ஆட்டி ஓட்டினால் விரைவில் பழகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது பயனற்றது, ஆபத்தானது. மணற்காகிதத்தால் தேய்ப்பதும் பெட்ரோலால் துடைப்பதும் வேண்டாத வேலைகள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல நாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறல், சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழம்பாக்கிவிடும். பழகிய டயரே அதில் தடுமாறும். வெள்ளைக் கோடுகள், சாக்கடையின் இரும்பு மூடிகள், ரயில் கேட்டின் தண்டவாளங்கள் ஆகியவற்றை நேராகவும் நிதானமாகவும் கடக்க வேண்டும். அவற்றின் மீது வண்டியைச் சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. ஈரத் தண்டவாளத்தில் பிடி வேண்டி, ரயில் என்ஜினே சக்கரத்தின் முன் மணலைத் தூவிக்கொள்கிறது என்பதை நினைவிற் கொள்வது நலம்.

தீபாவளியோ துலாவர்ஷம் கொட்டும் ஐப்பசியிலேயே பெரும்பாலும் வருகிறது. புது டயர், ஈரச் சாலை, ஏற்றிய பாரம் என்ற மூன்றும் ஒருநாளில் சேர்வது அதனால்தான். இவற்றுள் மழையை நிறுத்த நம்மால் ஆகாது. டயர் மாற்றும் நாளை முன்னே தள்ள முடியும். இங்குள்ள நிறுவனங்களில் பணிபுரிவோர் பலருக்கு ஓணத்தையொட்டி போனஸ் கிடைக்கிறது. ரயில்வே ஊழியர்க்குத் தசராவையொட்டிக் கிடைக்கிறது. பணம் கைக்கு வந்த வாரத்திலேயே டயருக்கு உரியதை ஒதுக்கிவிட்டால், தீபாவளிக்குள் பழக்கம் முடிந்துவிடும். கரமனையிலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு அன்றாடம் போய்வருபவர்க்கு ஒரு நாளில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஆகிறது. ஒரு வார வேலை நாட்களில் 160 கிலோமீட்டர் தானே கடந்துவிடும். செலவு அதேதான், நாள் மட்டுமே வேறு.

புது வண்டி வாங்கியவர்களும் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும். முதல் சர்வீஸ் வரை என்ஜினை மெல்ல ஓட்ட வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள். அதே வண்டியின் டயர்களும் புதியவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இல்லத்துப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் புறப்படும் பிள்ளைகளிடம், "டயர் நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், "மாற்றி எத்தனை நாளாயிற்று?" என்றும் கேளுங்கள். நேற்றுத்தான் மாற்றினேன் என்று விடை வந்தால், பேருந்தில் நின்றுகொண்டேனும் போகச் சொல்லுங்கள். பண்டிகைக்கு ஒரு நாள் தாமதமாக வந்தாலும், பிள்ளை நலமாக வந்து சேர்வதே ஊரிலிருப்போர் எதிர்பார்ப்பது.