‘உள்நுழைய இயலவில்லை’ என்பது விடையாகுமா?

பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டு வகையாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல், எதிர்வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் விடையாகுபவை. ‘ஆடுவாயா?’ என்ற கேள்விக்கு ‘ஆடேன்’ என்றால் அது மறை. ‘கால் வலிக்கிறது’ என்றால் அது உற்றது உரைத்தல். முதல் விடையோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. இரண்டாம் விடையில் காரணம் கிடைக்கிறது. காரணம் கிடைத்தால் தைலமாவது தேடலாம்.

வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைய முயன்று தோற்றவர்களுக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் மறை மட்டுமே. திரை மறுக்கிறது. கணினிப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தால் அவர்களும், ‘பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள்’, ‘அணைத்துவிட்டுப் போடுங்கள்’ என்று ஓர் ஏவலைக் கொடுத்து ஒலிவாங்கியை வைத்துவிடுகிறார்கள். காரணம் யாராலும் உரைக்கப்படுவதில்லை. பழி மட்டும் பயனர் மேல் விழுகிறது. இந்த வழக்கம் திறமைக் குறைவால் வந்ததன்று, பொறுப்பைக் கைகழுவும் மனப்பான்மையால் வந்தது என்பதே என் துணிபு.

முதலில் ஓர் எளிய பாகுபாட்டைச் சொல்கிறேன். வழி அடைபட்டிருப்பது வேறு. வாசலில் மறுக்கப்படுவது வேறு. அலுவலகக் கணினி உறக்க நிலைக்குப் போயிருக்கலாம். நிறுவனத்தின் வி.பி.என். இணைப்பு எழாமல் இருக்கலாம். தொலைமேசைச் சேவை வழக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் 3389ஆம் வாயிலைத் தீயரண் மூடியிருக்கலாம். அங்கே இருப்பது விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பாக இருக்கலாம். அப்பதிப்பு பிற கணினிகளுக்குச் சென்று சேருமே தவிர, விண்டோஸின் சொந்தத் தொலைமேசை வழியே பிறரைத் தன்னுள் ஏற்காது. இவையெல்லாம் வழியின் சிக்கல்கள். கடவுச்சொல்லை அந்தக் கணினி இன்னும் பார்க்கவே இல்லை. பார்க்காத ஒன்றை மாற்றச் சொல்வது, தெருமுனையில் வண்டி நின்றுபோனவரிடம் வீட்டுச் சாவியை மாற்றச் சொல்வதற்கு ஒப்பாகும். ‘கடவுச்சொல் கேட்டதா, கேட்கும் முன்பே நின்றதா?’ என்ற ஒரே வினா போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்த வினாவைக் கேட்பவர்கள் எத்தனை பேர்?

வாசலின் சிக்கல்களும் ஒன்றல்ல. ஒரே பயனர்பெயர் நிறுவனக் களத்திலும் இருக்கலாம், அந்தக் கணினிக்குள் தனியாகவும் இருக்கலாம். ஊர்ப்பெயர் எழுதாத அஞ்சலட்டைபோல, களத்தின் பெயர் முன்னொட்டாக இல்லாதபோது பெயர் தவறான இடத்தில் தேடப்படுகிறது. நாள்தோறும் நான்கிலக்கப் ‘பின்’ எண்ணைத் தட்டி நுழைந்து பழகியவர், அதே எண்ணைத் தொலைவிலிருந்தும் தருகிறார். அந்த எண்ணோ அந்த ஒரு கருவியோடு மட்டும் பிணைக்கப்பட்டது. கடவுச்சொல்லே வைக்காத கணக்கு, கணினியின் எதிரில் அமர்ந்தவருக்கு மட்டுமே திறக்கும் என்பது விண்டோஸின் இயல்பான அமைப்பு. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு இடர் உண்டு. விசைப்பலகை தமிழில் நின்றுவிட்டால் கடவுச்சொற்கட்டத்தில் வெறும் புள்ளிகளே தெரியும். ‘அ’ விழுந்ததா, ஆங்கில எழுத்து விழுந்ததா என்று எவருக்கும் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும், ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ என்னும் குழுவில் பெயர் சேர்க்கப்படாததால் மட்டுமே மறுக்கப்படுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நூறு முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் கதவு திறக்காது.

இன்னொன்று கொடுமையானது. கணக்கு அடிக்கடி தானே பூட்டிக்கொள்கிறது. பயனர் ஒருமுறைதான் தட்டினேன் என்கிறார். நிர்வாகி நம்ப மறுக்கிறார். அவருடைய கைப்பேசியிலோ பழைய மடிக்கணினியிலோ சேமித்து வைத்த பழைய கடவுச்சொல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ‘கடவுச்சொல்லை மாற்றுங்கள்’ என்ற அறிவுரையே அங்கே நோயின் மூலம்.

‘காரணத்தைச் சொன்னால் திருடனுக்கும் சொன்னதாகிவிடுமே’ என்று கேட்பார்கள். நியாயமான வாதம். பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று திரை பிரித்துச் சொல்லுமானால், எந்தெந்தப் பெயர்கள் உள்ளன என்பதைத் திருடன் ஒவ்வொன்றாகக் கண்டுகொள்வான். எனவே திரை மௌனம் காப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் கணினி காரணத்தை மறந்துவிடுவதில்லை. தோல்விகளையும் பதியும்படி அமைத்திருந்தால், அலுவலகக் கணினியின் பாதுகாப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு தோல்வியும் 4625 என்னும் எண்ணோடு, நேரத்தோடு, காரணக் குறியீட்டோடு எழுதப்படுகிறது. குறியீடு 64 என்று முடிந்தால் அப்படியொரு பெயரே இல்லை. 71 என்று முடிந்தால் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. 72 என்றால் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. 234 என்றால் பூட்டப்பட்டுள்ளது. இதுதான் உற்றது உரைத்தல். இந்தப் பதிவேட்டைத் திறக்கும் உரிமை சாதாரணப் பயனருக்கு இல்லை, நிர்வாகிக்கே உண்டு. உரிமை யாரிடம் இருக்கிறதோ கடமையும் அவரிடமே இருக்க வேண்டாமா? திரையின் மௌனம் பாதுகாப்பு. பதிவேட்டைத் திறந்து பார்க்காத நிர்வாகியின் மௌனத்துக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

விதிகளே வலையாகும் இடமும் உண்டு. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்று என்று நிறுவனம் ஆணையிடுகிறது. தொலைமேசைக்கோ, அமர்வு தொடங்கும் முன்பே அடையாளம் சரிபார்க்கும் வலையமைப்பு நிலைச் சரிபார்ப்பு உண்டு. விடுமுறையில் கடவுச்சொல் காலாவதியானவருக்கு நேர்வதைப் பாருங்கள்: கடவுச்சொல்லை மாற்ற உள்ளே போக வேண்டும், உள்ளே போகக் கடவுச்சொல்லை மாற்றியிருக்க வேண்டும். மாற்றிக்கொள்ளத் தனி வழி அமைத்துத் தராத நிறுவனத்தில் அவர் நேரில் வந்தாக வேண்டும், அல்லது நிர்வாகியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் அந்த விதியே செல்வாக்கு இழந்துவிட்டது. 2003இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காகக் கடவுச்சொல் வழிகாட்டுதலை எழுதிய பில் பர், அதில் சொன்ன பலவற்றுக்காகத் தாம் வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகக் கூறினார். அந்நிறுவனம் அதே ஆண்டில், காரணமின்றிக் குறித்த காலத்தில் கடவுச்சொல்லை மாற்றச் செய்யவேண்டாம் என்று எழுதியது. 2019இல் மைக்ரோசாப்ட்டும் தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. நம் அலுவலகங்கள் பலவற்றில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

காரணம் தேடாத சோம்பலால் விளையும் கேடு நேர இழப்போடு நின்றுவிடுவதில்லை. 2018 மார்ச்சில் மைக்ரோசாப்ட் தொலைமேசையின் சான்றளிப்பு முறையில் ஒரு பிழையைத் திருத்தியது. மே மாதம் அத்திருத்தத்தைக் கட்டாயமாக்கியது. வீட்டுக் கணினி புதுப்பிக்கப்பட்டு, அலுவலகக் கணினி புதுப்பிக்கப்படாமல் கிடந்த இடங்களில் இணைப்பு திடீரென்று அறுந்தது. செய்ய வேண்டியது அலுவலகக் கணினியைப் புதுப்பிப்பது. பலர் பரப்பிய வைத்தியமோ, வீட்டுக் கணினியின் காப்பைத் தளர்த்தி, பழைய ஓட்டையை மீண்டும் ஏற்கச் செய்வது. அல்லது வலையமைப்பு நிலைச் சரிபார்ப்பையே அணைத்துவிடுவது. அடுத்த ஆண்டு, 2019 மே மாதம், ‘புளூகீப்’ என்று பெயர்பெற்ற பிழை வெளிப்பட்டது. பழைய விண்டோஸ் பதிப்புகளின் தொலைமேசைக்குள் கடவுச்சொல்லே இல்லாமல் புகுந்துவிட வழிதந்த பிழை அது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது. அந்தப் பிழைக்கு ஓரளவேனும் தடையாக நின்றது எது? அவசரத்தில் பலர் அணைக்கச் சொன்ன அதே சரிபார்ப்புதான். பூட்டு இறுகுகிறது என்பதற்காகக் கதவைப் பெயர்த்து எடுப்பவனைத் தச்சன் என்று அழைப்பதில்லை.

3389ஆம் வாயிலை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவதும், கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கேட்டு வாங்குவதும் இதே இனத்தவை. அன்றைக்கு வேலை நடந்துவிடும். பின்னொரு நாள் கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டு எவனோ பணம் கேட்கும்போது, ‘யாரோ கவனக்குறைவாக இருந்திருக்கிறார்கள்’ என்று எழுவாய் இல்லாமல் பேசுவார்கள்.

இழப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். மதிப்பெண் பதிவுக்கு இறுதி நாளில் நள்ளிரவு வரை போராடும் பகுதிநேர விரிவுரையாளர், நோயுற்ற தாயின் அருகிலிருந்து வேலையைத் தொடர அனுமதி வாங்கிய எழுத்தர், இவர்களுக்கு அடைபட்ட திரை என்பது ஊதியம்; நற்பெயர். ‘நீங்கள்தான் தவறாகத் தட்டியிருப்பீர்கள்’ என்ற ஒரு வாக்கியம் அவர்கள் மேல் குற்றத்தைச் சுமத்தி, மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டுவிடுகிறது.

பயனர்களாகிய நாமும் ‘லாகின் ஆகவில்லை’ என்ற இரு சொற்களோடு நிறுத்திக்கொள்ளலாகாது. திரையில் வந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து குறித்து, நேரத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகியிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: அந்த நிமிடத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது? அதைத் திறந்து பார்க்கும்வரை ‘உங்கள் தவறு’ என்று சொல்லும் தகுதி எவருக்கும் கிடையாது.