ஃபெடிசோவ் அண்ணாச்சி, கதவைச் சாத்தாதீங்க!

சோவியத் யூனியன் விளையாட்டுன்னு பேச்செடுத்தாலே நம்ம மக்களுக்கு ஒரு சிலிர்ப்பு வந்துடும். "அந்தக் கட்டுப்பாடு இருந்ததாலதான்யா மெடலா குவிச்சான்"னு தீர்ப்பு வேற. எனக்கு இதைக் கேட்டாலே எரியும். ஏன்னா எனக்கு ஃபெடிசோவ் கதை தெரியும்.

வியாசெஸ்லாவ் ஃபெடிசோவ், 1958ல் மாஸ்கோவில் பிறந்த ஐஸ் ஹாக்கி வீரர். தடுப்பாட்டக்காரர். ஏழு முறை உலக சாம்பியன், 1984லயும் 1988லயும் ஒலிம்பிக் தங்கம். இவர், மகரோவ், லாரியோனோவ், க்ருடோவ், கசதோனோவ்னு அஞ்சு பேர் சேர்ந்து இறங்கினா, பந்து (பந்து இல்லைங்க, ரப்பர் வட்டு, 'பக்'னு பேரு) யார்கிட்ட இருக்குன்னு எதிரணி சுதாரிக்கறதுக்குள்ள கோல் விழுந்துடும்.

ஆடினது ராணுவத்தோட கிளப்புக்கு. பேருக்கு எல்லாரும் ராணுவ அதிகாரிங்க. கோச் விக்டர் டிக்கனோவ் வருஷத்துல பத்துப் பதினோரு மாசம் முகாம்லயே அடைச்சு வெச்சிருப்பார். பொண்டாட்டி பிள்ளையைப் பார்க்கணும்னாக்கூட அவர் தயவு வேணும். 1988ல லாரியோனோவ் பொறுக்க முடியாம 'ஒகன்யோக்' பத்திரிகைல பகிரங்கக் கடிதமே எழுதினார்.

அதே வருஷ ஒலிம்பிக் முடிஞ்சதும் ஃபெடிசோவை அமெரிக்கா அனுப்பறதா சொன்னாங்க. அனுப்பல. மனுஷன் சண்டைக்கு நின்னார். பயிற்சி மைதானத்துக்குள்ளயே விடாம பண்ணினாங்க. அவர் இல்லாம ஆட மாட்டோம்னு சக ஆட்டக்காரங்க டிவியில சொன்னப்புறம்தான் 1989 உலகக் கோப்பைக்குச் சேர்த்தாங்க. அதுக்கப்புறம்தான் நியூ ஜெர்சி டெவில்ஸ். வயசு அப்ப 31. ஒரு ஆட்டக்காரனோட நல்ல வயசெல்லாம் போச்சு!

நம்மூர் சாஃப்ட்வேர் கம்பெனி ரெண்டு வருஷ பாண்ட்ல கையெழுத்து வாங்கினாலே நாம என்னா புலம்பு புலம்பறோம்?

சரி, முகாம்ல அடைச்சதாலதான் அந்த ஆட்டம் வந்துச்சா? கிடையாது. பாஸ் பண்ணி, இடம் மாறி, அஞ்சு பேரும் ஒரே மூளையா ஆடற அந்தப் பாணி டிக்கனோவ் வர்றதுக்கு முன்னாடியே அனடோலி தராசோவ் வளர்த்தது. இன்னொரு சாட்சி டெட்ராய்ட். 1995ல ஸ்காட்டி போமேன் அஞ்சு ரஷ்யர்களை ஒண்ணா இறக்கினார். முகாம் இல்லை, பூட்டு இல்லை. அதே ஆட்டம்! 1997ல ஸ்டான்லி கோப்பை, 1998ல திரும்பவும். முதல் கோப்பை வாங்கறப்ப ஃபெடிசோவுக்கு 39 வயசு. அந்தக் கோப்பையை மாஸ்கோவுக்கே தூக்கிட்டுப் போனார்.

இப்பதான் வயித்தெரிச்சல். இதே ஃபெடிசோவ் பிற்பாடு விளையாட்டுத் துறைத் தலைவர், செனட்டர்னு அரசியல்ல உட்கார்ந்தார். 2015ல என்ன சொன்னார் தெரியுமா? 28 வயசுக்கு முன்னாடி ரஷ்ய வீரர்கள் வெளிநாடு போகத் தடை போடணுமாம்! அரசாங்கம் செலவு பண்ணி வளர்த்த பசங்களாம்.

யோவ், இதைத்தானே டிக்கனோவும் சொன்னார்? செலவு பண்ணின கிளப்புக்குக் காசு வேணும்னா பையனை எடுக்கற கிளப்கிட்ட வாங்கு. கால்பந்துல காலங்காலமா நடக்கறதுதானே. அதுக்கு எதுக்குப் பையன் கால்ல சங்கிலி? 28ங்கறது தாராள மனசுன்னு நினைச்சிட்டார் போல. தான் கிளம்பின வயசுல மூணைக் கழிச்சிக் குடுத்திருக்கார்!

டிஸ்கி: 2014ல் கேப் போல்ஸ்கி எடுத்த 'ரெட் ஆர்மி' டாகுமெண்டரி கிடைச்சா பாருங்க. பேட்டி நடுவுல நம்ம அண்ணாச்சி கேமராவுக்கு நடுவிரல் காட்டுவார் :-)