தோற்ற அணி கேட்ட கேள்வி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹானோவர் என்னும் சிறு நகரில் உள்ளது டார்ட்மத் கல்லூரி. அதன் ஆடவர் கூடைப்பந்து அணி 2023–24 பருவத்தில் 27 ஆட்டங்கள் ஆடி 21இல் தோற்றது. ஐவி லீக் எனப்படும் எட்டு நிறுவனங்களின் தொடரில் 14 ஆட்டங்களுள் இரண்டை மட்டுமே வென்று கடைசி இடத்தில் நின்றது. தேசியப் போட்டித்தொடரில் அக்கல்லூரி கடைசியாக இடம்பெற்றது 1959இல். புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவர் இப்பருவத்தை எளிதில் மறந்துவிடுவார். ஆயினும் கல்விப்புலத்தார் நினைவில் கொள்ளவேண்டிய பருவம் இது. அவ்வணியினர் தம்மீது சுமத்தப்பட்ட ஒரு பெயரைக் கேள்விக்கு உட்படுத்தினர்.

அப்பெயர் ‘ஸ்டூடண்ட்-அத்லெட்’. தமிழில் ‘மாணவ விளையாட்டாளர்’ எனலாம். இது வழக்கில் தானாக விளைந்த சொல் அன்று. 1953இல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம், பயிற்சியில் காயமுற்ற டென்வர் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ஒருவரைப் பல்கலைக்கழகத்தின் பணியாளராகக் கருதி, அவருக்கு இழப்பீடு உண்டெனத் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகள் பெருகுமோ என்ற அச்சம் கல்லூரிகளைப் பற்றிக்கொண்டது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அக்காலத்தில்தான் இச்சொல்லை உருவாக்கித் தன் விதிகள் அனைத்திலும் கட்டாயமாக்கியது. அவ்வமைப்பின் தலைமை நிர்வாகியாக 1951 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய வால்ட்டர் பையர்ஸ், 1995இல் வெளியிட்ட நூலில் இதைத் தாமே ஒப்புக்கொண்டார். 1957இல் அதே மாநில நீதிமன்றம், ஆட்டத்தில் அடிபட்டு இறந்த மற்றொரு வீரரின் குடும்பத்துக்கு இழப்பீடு மறுத்தது.

தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு இச்சொல்லைப் பிரித்தால் அதன் செயல்பாடு விளங்கும். இதனை உம்மைத்தொகையாகக் கொண்டால் ‘மாணவரும் விளையாட்டாளரும்’ என விரியும். ஒருவரிடம் இரு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் உரிய உரிமைகள். இருபெயரொட்டாகக் கொண்டால் ‘மாணவராகிய விளையாட்டாளர்’ என விரியும். அவர் ஆடுவதும் மாணவராக இருப்பதன் ஒரு கூறாகிவிடும். விளம்பரங்களில் முதற்பொருளிலும் நீதிமன்றங்களில் இரண்டாம் பொருளிலும் வழங்கிவருவதே இச்சொல்லின் ஆற்றல்.

டார்ட்மத் வளாகத்திலேயே இதற்கு மறுப்பு இருந்தது. கல்லூரி உணவகத்தில் பணிபுரியும் மாணவர்கள் 2022இல் சங்கம் அமைத்தனர். முதுநிலை, ஆய்வு மாணவர்கள் 2023இல் அமைத்தனர். மாணவராகவும் தொழிலாளராகவும் ஒருவர் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பது அங்கு நிலைபெற்றுவிட்ட உண்மை. உணவகத்தில் பகுதிநேரப் பணி செய்த வீரரும் அணியில் இருந்தார். தட்டெடுத்து வைக்கும்போது தொழிலாளராக இருப்பவர், அரங்கில் இறங்கியதும் வெறும் மாணவராக மாறுவது எவ்வாறு? 2023 செப்டம்பரில் அணியின் 15 வீரர்களும் தொழிற்சங்க உரிமை கோரி விண்ணப்பித்தனர்.

2024 பிப்ரவரி 5 அன்று தேசியத் தொழிலுறவு வாரியத்தின் மண்டல இயக்குநர் லாரா சாக்ஸ் அவர்கள் பணியாளர்களே எனத் தீர்ப்பளித்தார். அவர் கொண்ட அளவுகோல்கள் இரண்டு: கட்டுப்பாடு, கைம்மாறு. பயிற்சி நேரம், பயணம், தங்குமிடம் ஆகிய அனைத்தையும் கல்லூரியே முடிவுசெய்கிறது. வெளியூர்ப் பயணத்தின்போது முடிவெட்டிக்கொள்ளவும் அனுமதி வேண்டும். ஐவி லீக் விளையாட்டுக்கெனக் கல்வி உதவித்தொகை வழங்குவதில்லை. எனினும் காலணி, உடை, உணவு, ஆட்டச் சீட்டுகள், பயிற்றுநரின் ஆதரவால் சேர்க்கையில் கிடைக்கும் அனுகூலம் ஆகியவை கைம்மாறாகக் கொள்ளப்பட்டன. மார்ச் 5 அன்று நடந்த வாக்கெடுப்பில் சங்கத்துக்கு ஆதரவாக 13 வாக்குகளும் எதிராக 2 வாக்குகளும் விழுந்தன. அன்றிரவு பருவத்தின் இறுதி ஆட்டத்தில் அவர்கள் ஹார்வர்டை 76–69 என வென்றனர். 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்களும் வாக்களித்தனர். வாரியம் மறு ஆண்டு வழக்கை ஏற்க மறுத்ததால் அவ்வாக்குகள் எண்ணப்படவே இல்லை.

கல்லூரியின் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. அணியால் இலாபமில்லை, உதவித்தொகை தேவையின் அடிப்படையில் மட்டுமே தரப்படுகிறது, விளையாட்டும் கல்வியின் பகுதி என்றது கல்லூரி. இவ்வாறாயின் நாடகக் குழுவும் மாணவர் இதழும் தொழிலாகிவிடுமே என அஞ்சுவோரும் உண்டு. அவ்வச்சத்துக்கு விடை அளவுகோலிலேயே உள்ளது: எங்கே கட்டுப்பாடும் கைம்மாறும் சேர்ந்திருக்கின்றனவோ அங்கே மட்டும்தான் கேள்வி எழும். இலாபம் பற்றிய வாதம் இன்னும் வலுவற்றது. நட்டத்தில் ஓடும் ஆலையின் நெசவாளி நெசவாளி இல்லை என்று எவரும் சொல்வதில்லை. இவ்விடத்தில்தான் தோல்விப் பருவம் பொருள் பெறுகிறது. கோடிகள் ஈட்டும் அணி இவ்வழக்கைத் தொடுத்திருந்தால் அது பங்கு கேட்கும் வழக்காக மட்டும் வாசிக்கப்பட்டிருக்கும். பங்கிட ஏதுமில்லாத அணி தொடுத்ததால், உழைப்பு உழைப்பா என்ற கேள்வி தனித்து நின்றது.

விடை வரவில்லை. கல்லூரி பேச்சுவார்த்தைக்கு மறுத்தது. அமையவிருந்த புதிய வாரியம் பாதகமான முன்னுதாரணத்தை ஏற்படுத்திவிடக்கூடும் என்ற நிலையில், 2024 டிசம்பர் 31 அன்று சங்கத்தரப்பு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஐவி லீக் அதில் சேரவில்லை. சேர்ந்த இடங்களிலும் பணம் கைக்கு வந்ததே தவிர, பணியாளர் என்ற பெயர் வரவில்லை. பெயரில்லாத பணத்தைக் கொடுப்பவர் நிறுத்தலாம். பெறுபவர் பேரம் பேச இயலாது.

இந்தியக் கல்விப்புலம் இதனைத் தொலைவிலிருந்து வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வாளர் வகுப்பெடுக்கிறார், விடைத்தாள் திருத்துகிறார், ஆய்வகத்தைக் காக்கிறார். பெறுவதற்குப் பெயர் ‘உதவித்தொகை’. 2023 தொடக்கத்திலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு அது மாதம் 37,000 ரூபாய். தொகை உயர்ந்திருக்கிறது, பெயர் மாறவில்லை. ஊதியம் மாதக்கணக்கில் நின்றால் அது சட்டமீறல். உதவித்தொகை நின்றால் அது ‘தாமதம்’. இவ்வேறுபாட்டைச் செய்வது பெயர் ஒன்றே.

ஆய்வாளர் அனைவரும் தொழிலாளரே என்று இதனால் முடிவுகட்ட வேண்டியதில்லை. பயிலுதலுக்கும் பணிக்கும் இடையே எல்லை உண்டு. அது ஒவ்வொரு துறையிலும் வேறுபடும். ஆனால் அவ்வெல்லையை வரைய வேண்டியது கட்டுப்பாட்டையும் கைம்மாறையும் ஆராய்ந்த பின்னர். பெயரைச் சூட்டிவிட்டு ஆராய்ச்சியைத் தவிர்ப்பது நிறுவனங்களுக்கு வசதி. மொழியை ஆராய்வோரும் அதற்கு உடன்படுவது அறமன்று. 21 ஆட்டங்களில் தோற்ற 15 இளைஞர்கள் அந்த ஆராய்ச்சியை ஒருமுறையேனும் நடத்தவைத்தனர்.