மழைக்காட்டில் மாணவர் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

1890-களில் தொடங்கிக் காப்பிக்கும் தேயிலைக்குமாக வெட்டுண்ட வால்பாறைப் பீடபூமியில், எஞ்சிய சோலைத் துண்டுகளுக்குச் சுதேச மரக்கன்றுகளால் புத்துயிரூட்டிவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களுக்கு, மாணவர்களைக் கோடை விடுமுறையில் இரண்டே வாரம் அனுப்புவது போதாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சென்ற ஆனி மாதம், அட்டை கடித்து உதிரம் கசியும் கணுக்காலோடு, நனைந்த நோட்டுப் புத்தகத்தில் வெடிப்பலாக் கன்றின் உயரத்தைப் பென்சிலால் (அந்த மழையில் பேனா மை நில்லாது) குறித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தியைச் சோலையோரம் கண்டேன்; சிங்கவால் குரங்கின் பிரதான ஆகாரங்களுள் அம்மரமும் ஒன்றென அவள் விளக்கியபோது அம்முகத்தில் தோன்றிய பிரகாசத்தை என் முப்பதாண்டு வகுப்பறை வாழ்வில் நான் கண்டதில்லை. அவள் படிக்கும் கல்லூரியோ காலணாவும் தரவில்லை. பஸ் கட்டணம்கூடத் தகப்பனாரின் கூலிப் பணம். பருவமழை முழுதும் தங்கிப் பயில, மாதாந்திர உதவித்தொகை அளிக்கக் கல்லூரி நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியன்,
பொள்ளாச்சி